அதிபரின் ஆதரவு விகிதம் சரிந்தால் ஆட்சி கைமாறுமா? அமெரிக்க அரசியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டிரம்பின் செல்வாக்கு சரிவு" என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஊரிலிருந்து யாராவது போன் செய்து கேட்டுவிடுவார்கள்: "அப்போ ஆட்சி கவிழ்ந்துடுமா?" கவிழாது. ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உறவினர்களும் நண்பர்களும் பல வருடமாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். ஒரு சின்ன எச்சரிக்கை: இதில் ‘காங்கிரஸ்’ என்று வரும் இடமெல்லாம் பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு சபைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம், கட்சி அல்ல. அங்கே பெரிய கட்சிகள் இரண்டு: டிரம்ப், இரு புஷ்களின் குடியரசுக் கட்சி; கிளின்டன், ஒபாமா, பைடனின் ஜனநாயகக் கட்சி.

ஆதரவு விகிதம் என்றால் சரியாக என்ன?

அதிபர் தன் வேலையைச் செய்யும் விதத்தை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா? இவ்வளவுதான் கேள்வி. ரூஸ்வெல்ட் அதிபராக இருந்த 1930களின் பிற்பகுதியில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இதைக் கேட்கத் தொடங்கியது. சொற்கள் பெரிதாக மாறாததால்தான் ட்ரூமனையும் ஒபாமாவையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அந்தக் கேள்வியில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். "அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?" என்று கேட்பதில்லை. "எதிர்க்கட்சி பரவாயில்லையா?" என்றும் கேட்பதில்லை. அதிபர் மேல் கோபமாக இருக்கும் ஒருவர் எதிர்க்கட்சி மேல் அதைவிடக் கோபமாக இருக்கலாம். அதிபர் போதிய வேகம் காட்டவில்லை என்று வருந்தும் சொந்தக் கட்சிக்காரரும் ‘ஏற்கவில்லை’ என்றுதான் பதில் சொல்வார். இருவரும் ஒரே கணக்கில் சேர்கிறார்கள்.

ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டு 30 கோடிக்கு மேற்பட்ட மக்களின் மனதைச் சொல்ல முடியுமா?

முடியும், அந்த ஆயிரம் பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். 1936ல் ஒரு பிரபல வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சியின் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46ஐ வென்றார். டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் என்று வசதியானவர்களின் பட்டியலையே அந்த இதழ் பெரும்பாலும் நம்பியிருந்தது. அதே தேர்தலில், அதைவிட மிகக் குறைவான பேரிடம் கேட்ட ஜார்ஜ் கேலப் (அந்த நிறுவனத்தின் நிறுவனர்) வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். (அந்த கேலப்பே 1948ல் தவறினார் என்பதும் வரலாறு.)

ஆயிரம் பேர் கொண்ட கணிப்பில் 3 புள்ளிகள் மேலேயோ கீழேயோ பிழை இருக்கலாம். ஆகவே 42 என்பது 40 ஆனதும் ‘சரிவு’ என்று கத்துவதில் பொருளில்லை. பல நிறுவனங்களின் சராசரி எந்தப் பக்கம் போகிறது என்று சில மாதங்களுக்குப் பாருங்கள். இன்னொன்று, யாரிடம் கேட்டார்கள்? வயது வந்த எல்லோரிடமுமா, பதிவு செய்த வாக்காளர்களிடமா, ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்களிடம் மட்டுமா? மூன்றுக்கும் மூன்று விடை வரும். தலைப்புச் செய்தியில் இது வராது, உள்ளே தேடிப் படிக்க வேண்டும்.

இதுவரை உச்சம் யார், அடிமட்டம் யார்?

கேலப் கணக்கில் உச்சம் இளைய புஷ், 90 சதவீதம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின். அதே மனிதர் 2008ல் 25க்கு இறங்கினார். அடிமட்டம் ட்ரூமன், 22. அவரும் 1945ல் 87ல் இருந்தவர்தான்.

செல்வாக்கு போனால் அதிபர் பதவி போகுமா?

போகாது. இந்தியாவில் மக்களவைப் பெரும்பான்மை போனால் பிரதமர் போய்விடுவார். அமெரிக்க அதிபருக்கு நான்கு ஆண்டுகள் உறுதி. காங்கிரஸில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் அதிபர்தான்.

ஆனால் அவர் பதவியேற்று இரண்டு ஆண்டுகள் ஆகும்போது ஒரு தேர்தல் வருகிறது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் 100 இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அன்று வாக்குப்பதிவு. இதைத்தான் இடைக்காலத் தேர்தல் என்கிறோம். உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ ஒரு தொகுதிக்கு மட்டும் நடக்கும் நம்மூர் இடைத்தேர்தலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காங்கிரஸ் பெரும்பாலும் கைமாறுவது இங்கேதான்.

அதிபர் பெயரே வாக்குச்சீட்டில் இல்லையே, அவருடைய எண் எதற்கு?

பெயர் இல்லை என்றாலும் மக்கள் அவரை நினைத்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். 1934 முதல் 2022 வரை நடந்த இடைக்காலத் தேர்தல்களில் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது மூன்றே முறை: 1934, 1998, 2002. ரூஸ்வெல்ட் பொருளாதாரப் பெருமந்தத்தில் நாட்டைத் தூக்கி நிறுத்த முயன்ற நேரம் முதலாவது. 1998ல் கிளின்டனைப் பதவி நீக்கக் குடியரசுக் கட்சி துடித்தபோது அவருடைய ஆதரவு 66 சதவீதம். 2002ல் இளைய புஷ்ஷுக்கு 63. பெரிய செல்வாக்கு இருந்தால்தான் இந்த விதியை மீற முடிகிறது.

காரணம் எளிது. கோபக்காரர்கள் வீட்டிலிருந்து கிளம்புவார்கள், வென்றவர்களின் ஆதரவாளர்கள் "அதான் ஜெயிச்சாச்சே" என்று இருந்துவிடுவார்கள். முன்பெல்லாம் அதிபருக்கு ஒரு கட்சி, தொகுதி உறுப்பினருக்கு இன்னொரு கட்சி என்று பிரித்து ஓட்டுப் போடுவது சாதாரணம். அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தொகுதிக்கு நல்லது செய்த உறுப்பினரும் அதிபரோடு சேர்ந்து மூழ்குகிறார்.

விகிதம் நன்றாக இருந்தும் அடி வாங்கியவர்கள் உண்டு. வாட்டர்கேட் ஊழலால் 1974 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் நிக்சன் பதவி விலகினார். அடுத்து வந்த ஃபோர்டு அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். தேர்தல் நெருங்கியபோது கேலப் கணிப்பில் ஃபோர்டுக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் கட்சி 48 இடங்களை இழந்தது. நிக்சனின் கணக்கைக் கட்சிதான் தீர்க்க வேண்டியிருந்தது.

அப்படியானால் எண்ணை வைத்து எத்தனை இடம் போகும் என்று கணக்கிடலாமா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள், நானும் 2022ல் தவறினேன். கேலப் தொகுத்த கணக்குப்படி, 50 சதவீதத்துக்குக் கீழே இருந்த அதிபர்களின் கட்சிகள் சராசரியாக 37 இடங்களை இழந்தன, மேலே இருந்தவர்களின் கட்சிகள் 14. திசை தெளிவு. ஆனால் இந்த இரண்டு தேர்தல்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

2010ல் ஒபாமாவுக்குச் சுமார் 45 சதவீத ஆதரவு. கட்சி இழந்தது 63 இடங்கள். 2022ல் பைடனுக்கு அதைவிடக் குறைவு, சுமார் 40. இழந்தது 9 இடங்கள் மட்டும். செனட்டில் ஒன்று கூடவும் செய்தது.

ஏன் இந்த வித்தியாசம்? முதலில், கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும். 2006, 2008 இரண்டிலும் அலை வீசியதால் ஜனநாயகக் கட்சி 250க்கும் மேற்பட்ட இடங்களோடு 2010க்குள் நுழைந்தது. அவற்றில் பல, குடியரசுக் கட்சிக்கே இயல்பாகச் சொந்தமான தொகுதிகள். வெள்ளத்தில் ஏறிய மீன் வெள்ளம் வடிந்ததும் கரையில் கிடந்தது. 2020லோ அந்தக் கட்சி 222 இடங்களே வென்றிருந்தது. எளிதில் இழக்கக்கூடியவை ஏற்கெனவே போயிருந்தன.

இரண்டாவது, தேர்தல் எதைப் பற்றி நடக்கிறது என்பது. 2010ல் வேலையின்மை 9 சதவீதத்துக்கு மேல். எல்லா விரலும் ஆளும் கட்சியை நோக்கி நீண்டது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், அதே கதை திரும்பும் என்றுதான் நினைத்தோம். ஆனால் அதே ஜூன் 24 அன்று, கருக்கலைப்பு உரிமையை உறுதிசெய்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கன்சாஸில் நடந்த வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் அந்த உரிமையைக் காக்க ஓட்டுப் போட்டார்கள். பைடன் மேல் லேசான அதிருப்தி என்று சொன்னவர்களில் கணிசமானோர் நவம்பரில் அவர் கட்சிக்கே வாக்களித்தார்கள். அதனால், கணிப்பில் ‘கடுமையாக எதிர்க்கிறேன்’, ‘ஓரளவு எதிர்க்கிறேன்’ என்று பிரித்துக் கொடுத்திருந்தால் அந்தப் பிரிவைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

2018ல் ஒரு சபை ஒரு பக்கமும் இன்னொரு சபை எதிர்ப் பக்கமும் போனது எப்படி?

டிரம்புக்கு அப்போது சுமார் 40 சதவீதம். பிரதிநிதிகள் சபையில் கட்சி 40 இடங்களை இழந்து பெரும்பான்மையைப் பறிகொடுத்தது. ஆனால் செனட்டில் இரண்டு கூடியது. அந்த ஆண்டு தேர்தலுக்கு வந்த செனட் இடங்களில் பெரும்பாலானவை ஜனநாயகக் கட்சியுடையவை, அவற்றில் பத்து 2016ல் டிரம்ப் வென்ற மாகாணங்களில் இருந்தன. இண்டியானா, மிசௌரி, வடக்கு டகோட்டா, புளோரிடா ஜனநாயகக் கட்சியின் கையைவிட்டுப் போயின. அரிசோனாவும் நெவாடாவும் அதன் கைக்கு வந்தன. நாடு தழுவிய மனநிலை ஒன்றுதான், அந்த ஆண்டு எந்த மாகாணங்களின் முறை என்பதுதான் செனட்டைத் தீர்மானித்தது.

ஓட்டுப் போடாவிட்டால் என்ன பெரிதாக ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதன் விலையை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

2012ல் தகுதியுள்ள வாக்காளர்களில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் வாக்களித்தார்கள், ஒபாமா வென்றார். இரண்டே ஆண்டுகளில், 2014 இடைக்காலத் தேர்தலுக்கு வந்தவர்கள் 37 சதவீதம்கூட இல்லை. 1942க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. ஒபாமாவின் ஆதரவு நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தது, மோசம்தான், ஆனால் பேரழிவு இல்லை. இளைஞர்களும் சிறுபான்மையினரும் வீட்டில் இருந்துவிட, ஜனநாயகக் கட்சி ஒன்பது செனட் இடங்களையும் செனட் பெரும்பான்மையையும் இழந்தது.

2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா மார்ச்சில் அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். 2014ல் செனட்டைக் கைப்பற்றியிருந்த குடியரசுக் கட்சி விசாரணைகூட நடத்தவில்லை, ஆண்டு முழுவதும் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தது. டிரம்ப் வென்றார். 2017ல் அந்த நாற்காலியில் கோர்சச் அமர்ந்தார். 2022ல் கருக்கலைப்புத் தீர்ப்பை ரத்து செய்த ஐந்து நீதிபதிகளில் அவர் ஒருவர். நான்கு பேர் போதாது. அந்த ஒரு நாற்காலி இல்லையென்றால் அன்று தீர்ப்பு அப்படி வந்திருக்காது.

ஒரு மழை நாளில் "இது அதிபர் தேர்தல் இல்லையே" என்று 2014 நவம்பரில் வாக்குச்சாவடிக்குப் போகாத ஒருவரிடம் இதைச் சொன்னேன். எட்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய மகள் கல்லூரிக்குப் போகும் மாகாணத்தில் சட்டமே மாறியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

2018ல் கதை திரும்பியது. ஏறத்தாழ பாதிப் பேர் வாக்களித்தார்கள், 1914க்குப் பிறகு இடைக்காலத் தேர்தலுக்கு அதுதான் உச்சம்.

தொகுதி எல்லைகளை மாற்றி முடிவை மாற்ற முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 2012ல் பிரதிநிதிகள் சபைக்கு நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சிக்கே பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக விழுந்தன. இடங்களோ 234க்கு 201 என்று குடியரசுக் கட்சியிடம். 2010ல் பல மாகாணச் சட்டமன்றங்களை வென்றதால் எல்லை வரையும் பேனா அவர்கள் கையில் இருந்தது.

வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் நடக்கும் இந்த வேலை 2025ல் நடுவிலேயே தொடங்கிவிட்டது. ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் டெக்சாஸ் எல்லைகளை மாற்றியது. பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் தரக்கூடிய வரைபடத்தை நிறைவேற்றியது. மிசௌரி, வடக்கு கரோலினாவும் மாற்றின. இரண்டு பக்கமும் செய்தாலும் எனக்கு இது ஏற்பில்லை. வாக்காளர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது போய், உறுப்பினர் வாக்காளரைத் தேர்ந்தெடுக்கிறார்.

போர் வந்தால் அதிபரின் செல்வாக்கு ஏறுமா?

ஏறும், ஆனால் தங்காது. கியூபாவில் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு படுதோல்வி அடைந்த பின்னும் கென்னடிக்கு 83 சதவீதம் கிடைத்தது. ஈரானில் தூதரகப் பணயக் கைதிகள் பிடிபட்டதும் கார்ட்டர் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகளின் பிற்பகுதிக்குத் தாவினார், அடுத்த நவம்பரில் ஆறு மாகாணங்களே அவருக்கு. மூத்த புஷ் 1991 வளைகுடாப் போர் முடிந்ததும் 89ஐத் தொட்டார். 1992ல் பொருளாதாரம் படுத்திருந்தது, 37 சதவீத வாக்குகளோடு கிளின்டனிடம் தோற்றார்.

இப்போதெல்லாம் ஏன் யாருக்கும் 80, 90 வருவதில்லை?

ஐசனோவர் காலத்தில் எதிர்க்கட்சிக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவரை ஏற்றார்கள். டிரம்பை ஏற்கும் ஜனநாயகக் கட்சியினர் பத்தில் ஒருவருக்கும் குறைவு, அவர் கட்சிக்குள்ளோ பத்தில் எட்டு ஒன்பது பேர். மேலே கூரை, கீழே தரை. முதல் ஆட்சிக்காலம் முழுக்க கேலப்பில் அவர் 34க்கும் 49க்கும் இடையிலேயே இருந்தார். இந்தக் குறுகிய வெளிக்குள் நான்கு புள்ளி அசைந்தாலே பெரிய விஷயம். அசைபவர்கள் பெரும்பாலும் கட்சி சாராதவர்கள், அதனால் அவர்களுடைய எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

சபை கைமாறினால் நிஜமாக என்ன மாறும்?

பிரதிநிதிகள் சபை என்றால் சபாநாயகர், குழுத் தலைவர்கள், எந்த மசோதா அவைக்கு வரும் என்ற அதிகாரம் எல்லாம் மாறும். முக்கியமாக, ஆவணங்களையும் அதிகாரிகளையும் விசாரணைக்கு அழைக்கும் உரிமை. 2018 தேர்தல் இல்லாமல் 2019 டிசம்பரில் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேறியிருக்காது. ஆனால் பதவியை விட்டு நீக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது கிடைக்கவில்லை.

செனட் என்றால் நீதிபதிகள், அமைச்சர்கள் நியமனம். 50க்கு 50 என்று நின்றால் துணை அதிபர் ஓட்டுப் போடலாம். துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ் அப்படி 33 முறை வாக்களித்தார், வேறு எந்தத் துணை அதிபரும் அவ்வளவு முறை செய்ததில்லை. இருந்தும் பெரும்பாலான சட்டங்களுக்கு 60 வாக்குகள் தேவை. 2025ல் அதிபர், இரு சபைகள் எல்லாம் ஒரே கட்சியிடம் இருந்தும் அரசு அலுவலகங்கள் 43 நாட்கள் முடங்கியது அதனால்தான்.

இடைக்காலத்தில் தோற்ற அதிபர் அடுத்ததிலும் தோற்பாரா?

பெரும்பாலும் இல்லை. 1946ல் இரு சபைகளையும் இழந்த ட்ரூமன் 1948ல் வென்றார். 1983 தொடக்கத்தில் 35 சதவீதத்தில் கிடந்த ரீகன் 1984ல் 49 மாகாணங்களை அள்ளினார். கிளின்டனும் ஒபாமாவும் அப்படியே. அதேபோல், செல்வாக்கை வாரிசுக்கு எழுதி வைக்கவும் முடியாது. 2016ல் ஒபாமாவுக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் ஹிலரி தோற்றார்.

சரி, 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

டிரம்பின் இரண்டாம் ஆட்சி கேலப்பில் 47ல் தொடங்கி 2025 நவம்பரில் 36க்கு வந்தது. அதே மாதம் வர்ஜீனியா, நியூஜெர்சி ஆளுநர் தேர்தல்களை ஜனநாயகக் கட்சி எளிதாக வென்றது.

பிரதிநிதிகள் சபையில் 2024 முடிவு குடியரசுக் கட்சிக்கு 220, ஜனநாயகக் கட்சிக்கு 215. மூன்று இடங்கள் கூடினால் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையான 218ஐத் தொடும். வரலாற்றைப் பார்த்தால் சின்னப் படிதான், ஆனால் புதிய எல்லைகளைத் தாண்டி ஏற வேண்டும். செனட்டில் 53க்கு 47. துணை அதிபர் எதிர்ப் பக்கம் என்பதால் நான்கு இடங்கள் கூட வேண்டும். போட்டிக்கு வரும் 35 இடங்களில் 22 குடியரசுக் கட்சியுடையவை என்றாலும், அவற்றில் 2024ல் ஹாரிஸ் வென்ற மாகாணம் மேய்ன் மட்டுமே. வடக்கு கரோலினா அடுத்த வாய்ப்பு. அதற்குமேல் ஒஹாயோ, டெக்சாஸ் மாதிரி கடினமான மண்ணில் வெல்ல வேண்டும், கூடவே ஜார்ஜியாவையும் மிச்சிகனையும் காப்பாற்ற வேண்டும்.

அதிபரின் எண்ணோடு சேர்த்து இன்னொரு எண்ணையும் பாருங்கள்: "உங்கள் தொகுதியில் எந்தக் கட்சி வேட்பாளருக்கு ஓட்டு?" என்ற கேள்விக்கு வரும் விடை. 2018ல் ஜனநாயகக் கட்சி நாடு தழுவிய வாக்கில் 8 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்றுத்தான் 40 இடங்களைப் பிடித்தது. அதிபர் கீழே போயும் இந்த இடைவெளி விரியவில்லை என்றால், மக்கள் அவர்மேல் கோபமாக இருக்கிறார்கள், மற்றவரை இன்னும் நம்பவில்லை என்று பொருள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய உறவினர் உங்களுக்கு இருந்தால், அவர் வாக்காளராகப் பதிவு செய்துவிட்டாரா என்று அடுத்த முறை போனில் கேளுங்கள். பல மாகாணங்களில் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே பதிவு முடிந்துவிடுகிறது.